அளவு முதலில், விளக்கு பிறகு

மேடையில் நடிகரைப் பின்தொடர்ந்து ஒளிவட்டம் அடிக்கும் ஃபாலோ ஸ்பாட் விளக்குக்கு மூன்று விலைப்புள்ளிகள் எங்கள் அரங்கக் குழுவின் மேசைக்கு வந்தபோது, மூன்றிலும் முதல் வரியில் தடித்த எழுத்தில் இருந்தது வாட் எண்தான். ஒன்றில் 350, அடுத்ததில் 600, மூன்றாவதில் 1200. குழுவினர் எதிரே இருந்த தொகைகளை அந்த எண்களால் வகுத்து, இருக்கிற பணத்துக்கு எதில் அதிக வாட் கிடைக்கும் என்று பார்க்கத் தொடங்கினார்கள். விளக்குப் பொறுப்பில் இருந்தவன் என்ற முறையில் நான் அன்று சொன்னது ஒன்றுதான். பால்கனியின் கடைசி வரிசைக்குப் பின்னால் ஸ்பாட் நிற்கும் இடத்திலிருந்து மேடையின் நடுப்புள்ளி எத்தனை மீட்டர் என்று நம்மில் யாருக்கும் தெரியாது. அது தெரியாமல் இந்தத் தாள்களைப் படித்துப் பயனில்லை.

அந்தக் கூட்டத்துக்குக் காரணமான இரவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் இருந்தவை 1200 வாட் மெட்டல் ஹாலைடு ஃபாலோ ஸ்பாட்கள் இரண்டு. ஒரு நாடகத்தின் நடுவே மின்சாரம் ஒரு கணம் தடுமாறியதில் இரண்டும் அணைந்தன. இவ்வகை விளக்குகள் சூடாக இருக்கும்போது மீண்டும் பற்றிக்கொள்ளாது. குமிழ் ஆறுவதற்குச் சில நிமிடங்கள் விட வேண்டும். அந்தச் சில நிமிடங்களில் கதாநாயகி தன் நீண்ட தனிமொழியைப் பொதுவெளிச்சத்திலேயே பேசி முடித்துவிட்டார். பிறகு ஒரு விளக்கு எரிந்தது. மற்றொன்று எரியவே இல்லை. குமிழுக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் அதன் பேலஸ்ட் போயிருந்தது.

புதிதாக வாங்குவதற்கு முன் பழையதைத் திறந்து பார்ப்பது செலவில்லாத வேலை. இன்னும் எரியக்கூடிய விளக்கின் லென்ஸ்களையும் பிரதிபலிப்பானையும் துடைத்தபோது துணி கறுத்துப் போயிற்று. புகை எந்திரத்தின் எண்ணெய்ப் படலமும் தூசியும் சேர்ந்து மெழுகுபோல் படிந்திருந்தன. துடைப்பதற்கு முன்னும் பின்னும் மேடையில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் மீட்டரால் அளந்தோம். ஏறத்தாழ கால் பங்கு வெளிச்சம் கூடியிருந்தது. குமிழும் தன் ஆயுளைக் கடந்திருந்தது. இந்த ரகக் குமிழ்களுக்கு உற்பத்தியாளர்கள் சொல்லும் ஆயுள் பெரும்பாலும் 1000 மணி நேரத்தை ஒட்டியே இருக்கும். அதற்கு மேலும் எரியும், ஆனால் ஒளி குறையும், நிறம் மாறும், உடையும் அபாயமும் கூடும். விளக்கின் மணி மீட்டரில் 1400ஐத் தாண்டியிருந்தது. பேலஸ்டும் இரண்டு குமிழ்களும் வாங்கியிருந்தால் பழைய இணையை இன்னும் சில ஆண்டுகள் ஓட்டியிருக்கலாம் என்பதே என் முதல் கருத்து. அந்தப் பேலஸ்ட் இப்போது தயாரிப்பில் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அந்த யோசனையைக் கைவிட்டேன்.

இனி அளவு. அரங்கத்தின் வரைபடத்தில் கிடைமட்டத் தூரம் 25 மீட்டர். விளக்கின் உயரத்துக்கும் நடிகரின் மார்பு உயரத்துக்கும் உள்ள வேறுபாடு 10 மீட்டர். ஒளி சாய்வாகப் போவதால் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியது கர்ணத்தின் நீளம்: சுமார் 27 மீட்டர். லேசர் அளவியை வைத்துச் சரிபார்த்தபோதும் அதே எண்தான் வந்தது. ஒளி விழும் கோணம் 22 பாகை. இதில் ஒரு வசதி உண்டு: இந்தச் சாய்வில் நடிகரின் நிழல் அவருக்குப் பின்னால் ஐந்து மீட்டருக்கு உட்பட்ட தரையிலேயே விழுந்துவிடும், பின்திரையில் ஏறாது. கோணம் இதைவிடத் தாழ்வாக இருக்கும் அரங்கங்களில் பின்திரையில் இன்னொரு நடிகர்போல அந்த நிழல் நின்றுகொண்டிருக்கும். அதை எவ்வளவு விலையுயர்ந்த விளக்காலும் போக்க முடியாது.

தூரத்துக்கு அடுத்தது வட்டம். நின்றிருக்கும் ஒரு நடிகரைத் தலை முதல் கால் வரை மூடுவதற்கு 2.2 மீட்டர் விட்டம் போதும். 27 மீட்டரில் அந்த வட்டத்தைத் தருவது ஐந்து பாகைக்கும் சற்றுக் குறைவான கதிர். இருவரைச் சேர்த்துப் பிடிக்க மூன்று மீட்டர் என்று வைத்தால் ஆறரை பாகைக்குள் அடங்கிவிடும். ஆக எங்களுக்கு வேண்டியது, ஐந்து பாகையை ஒட்டிக் குறுகக்கூடிய ஜூம் உள்ள விளக்கு. இந்த ஒரு வரி கையில் கிடைத்ததும் மூன்று விலைப்புள்ளிகளில் ஒன்று தானாகவே விழுந்துவிட்டது. அதன் மிகக் குறுகிய கோணமே 13 பாகை. அதுதான் மூன்றிலும் மலிவானது என்பதில் வியப்பில்லை.

ஐரிஸை, அதாவது ஒளி வரும் துளையைச் சுருக்கும் தகடுகளை, மூடி வட்டத்தைச் சிறிதாக்கிக்கொள்ளலாமே என்று குழுவில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. பலரும் பணத்தை இழக்கும் இடம் இதுதான். ஜூம் ஒளியைக் குவிக்கிறது. ஐரிஸோ வேண்டாத ஒளியை வெட்டி எறிகிறது. கையில் இருக்கும், கூரிய விளிம்புள்ள வட்டம் தரும் சாதாரண புரொஃபைல் விளக்கு ஒன்றில் 19 பாகை லென்ஸை வைத்து ஃபாலோ ஸ்பாட்டாக மாற்றுவதாகக் கொள்வோம். 27 மீட்டரில் அதன் வட்டம் ஒன்பது மீட்டர் விட்டம். அதை ஐரிஸால் 2.2 மீட்டருக்குச் சுருக்கினால் நடிகரின் மேல் விழுவது மொத்த ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கு மட்டுமே. கதிரின் நடுப்பகுதி சற்றுப் பிரகாசமாக இருக்கும் என்பதால் கணக்கு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். மீதியெல்லாம் ஐரிஸின் தகடுகளில் மோதிச் சூடாகிறது, காலப்போக்கில் அந்தத் தகடுகளை வளைத்துச் சிக்கவும் வைக்கிறது.

அதே புரொஃபைலில் 10 பாகை லென்ஸ் குழலைப் பொருத்தினால் பயன்படும் பங்கு இருபதைத் தாண்டும். 5 பாகைக் குழலில் எண்பதைத் தாண்டும். ஈடிசி நிறுவனத்தின் சோர்ஸ் ஃபோர் வரிசையில் 5 பாகை முதல் 90 பாகை வரை குழல்கள் கிடைக்கின்றன. ஏற்கெனவே அத்தகைய விளக்குகள் வைத்திருக்கும் சிறிய அரங்கம், 12 அல்லது 15 மீட்டர் தூரத்துக்கு, ஒரு குறுகிய குழலும் ஐரிஸும் பின்கைப்பிடியும் உறுதியான ஸ்டாண்டும் மட்டும் வாங்கிக்கொண்டால் மிகக் குறைந்த செலவில் கௌரவமான ஃபாலோ ஸ்பாட் ஒன்று கிடைத்துவிடும். டிம்மரில் இணைத்துக்கொண்டால் மெதுவாக ஏற்றி இறக்குவதும் எளிது. எங்கள் தூரம் பாதியாக இருந்திருந்தால் நான் வேறு எதையும் பார்த்திருக்க மாட்டேன்.

பிரகாசத்தைப் பற்றிய எண்களைப் படிக்கவும் அதே தூரம்தான் வேண்டும். ஒரு தாளில் 5 மீட்டரில் 30,000 லக்ஸ் என்று இருந்தது. இன்னொன்றில் 10 மீட்டரில் 9,000 லக்ஸ். முதலாவது மும்மடங்குக்கு மேல் பிரகாசமானது என்று தோன்றும். தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் தூரத்தைச் சாராத ஒளிச்செறிவு, அதாவது கேண்டெலா, கிடைக்கும்: முதலாவது 7,50,000 கேண்டெலா, இரண்டாவது 9,00,000 கேண்டெலா. அதை எங்கள் 27இன் வர்க்கமான 729ஆல் வகுத்தால் முதலாவது மேடையில் தருவது 1029 லக்ஸ், இரண்டாவது 1235. உரத்த எண்ணைப் போட்ட தாளே உண்மையில் பின்தங்கியது. இந்த எண்கள் எந்த ஜூம் கோணத்தில் அளக்கப்பட்டவை என்றும் கேட்டுவிட வேண்டும்; கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள். விளக்கு வெளிவிடும் மொத்த ஒளியான லூமென் எண்ணை மட்டும் தந்துவிட்டு மௌனமாக இருக்கும் தாளை நான் அப்படியே ஒதுக்கிவிடுவேன். ஒளி எவ்வளவு விரிந்து போகிறது என்பதைச் சொல்லாத லூமென், ஃபாலோ ஸ்பாட்டுக்கு எதையும் சொல்வதில்லை.

எவ்வளவு லக்ஸ் வேண்டும் என்பதற்குப் பொதுவான விடை கிடையாது. ஸ்பாட்டின் வெளிச்சம் மேடையின் பொதுவெளிச்சத்தோடு சேர்த்துத்தான் கண்ணுக்குத் தெரியும். எங்கள் மேடையில் பொதுவெளிச்சம் முழுதாக ஏற்றப்பட்டிருக்கும்போது 600 லக்ஸ். அதன் மேல் ஒருவர் துலங்கித் தெரிய இன்னொரு 1200 லக்ஸாவது வேண்டும் என்பது என் அனுபவக் கணக்கு. அதற்கு எட்டே முக்கால் லட்சம் கேண்டெலா தேவை. பொதுவெளிச்சத்தை அறுபது விழுக்காட்டுக்கு இறக்கினால் அது 360 லக்ஸ் ஆகிறது. அப்போது 720 போதும். தேவை ஐந்தேகால் லட்சம் கேண்டெலாவாகக் குறைகிறது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் எங்கள் பணம் போதும் என்பதற்கும் போதாது என்பதற்குமான எல்லைக்கோடு ஓடியது. ஆகவே விளக்கு வாங்குவதற்கு முன்பே நான் செய்த முதல் பொருளாதாரச் சீர்திருத்தம், எங்கள் ஒளியமைப்பாளர்களிடம் எல்லாவற்றையும் நூற்றுக்கு நூறில் எரிக்கும் பழக்கத்தை விடச் சொன்னதுதான். சிலர் இன்னும் என் மேல் வருத்தத்தில் இருக்கிறார்கள்.

ஒளி மூலத்தைப் பற்றி நீண்ட விவாதம் எங்களுக்குத் தேவைப்படவில்லை. பெரிய செனான் ஸ்பாட்கள், குறிப்பாக நீண்ட தூரத்துக்குப் பெயர்பெற்ற ஸ்ட்ராங் நிறுவனத்தின் சூப்பர் ட்ரூப்பர் போன்றவை, பழைய விலைக்கு அவ்வப்போது கிடைக்கின்றன. ஆனால் செனான் குமிழ் குளிர்ந்திருக்கும்போதும் உள்ளே உயர் அழுத்தத்தோடுதான் இருக்கிறது, முகக்கவசமும் தடித்த கையுறையும் இல்லாமல் அதை மாற்றக் கூடாது. தன்னார்வலர்கள் மாறிமாறி வந்து இயக்கும் அரங்கத்தில் அந்தப் பொறுப்பை ஏற்க நான் தயாராக இல்லை. பழைய மெட்டல் ஹாலைடு விளக்கு வாங்குவதில் தவறில்லை, ஆனால் எங்களை இந்த நிலைக்குக் கொண்டுவந்த பேலஸ்ட் கதையை இன்னொருவரிடமிருந்து விலைகொடுத்து வாங்குவதாக ஆகிவிடக் கூடாது. கீழே அமர்ந்தபடி திரையில் பார்த்து நகரும் விளக்குகளை இயக்கும் தொலைநிலை அமைப்புகள் அற்புதமானவை. எங்கள் பட்டியலில் அவற்றுக்கு இடமில்லை.

எஞ்சியது எல்இடி. சாதாரணப் பிளக்கில் ஓடும், அணைந்தால் உடனே எரியும், குமிழ் செலவில்லை. ராபர்ட் ஜூலியாட் போன்ற நிறுவனங்களே 300, 600, 800 வாட் என்று தூரத்துக்கு ஏற்ப எல்இடி வரிசை வைத்திருக்கின்றன. அவை எங்கள் கைக்கு எட்டவில்லை என்றாலும், எந்தத் தூரத்துக்கு எந்த அளவு என்று நினைப்பதற்கு அந்த வரிசை உதவியது. ஆனால் எல்இடியில் புதிய கேள்விகள் முளைக்கின்றன, அவற்றுக்குத் தாளில் விடை இராது. அதனால் இரண்டு விற்பனையாளர்களிடமும் மாதிரி விளக்கை எங்கள் அரங்குக்கே கொண்டுவரச் சொன்னோம். ஒரு பிற்பகல் முழுவதும் அதற்கென்று ஒதுக்கினோம்.

முதலில் முகம். ஒப்பனை போட்ட ஒருவரை மேடை நடுவில் நிற்கவைத்து, கையில் சிவப்புத் துணியைக் கொடுத்து, பழைய விளக்கையும் இரண்டு புதியவற்றையும் மாற்றிமாற்றி அடித்தோம். குளிர்ந்த வெள்ளை எல்இடிகளில் சில, கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரிந்தாலும், ஆழ்ந்த சிவப்பை வெளிப்படுத்துவதில் கஞ்சத்தனம் செய்யும். ஒன்றில் அந்தத் துணி பழுப்பாகவும் உதடு சாம்பல் பூத்ததாகவும் தெரிந்தது. இரண்டு மாதிரிகளிலும், நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்பதைச் சொல்லும் சிஆர்ஐ எண் தொண்ணூறுக்கு மேல் என்றே அச்சிட்டிருந்தார்கள். அந்தப் பொதுச் சராசரியில் ஆழ்ந்த சிவப்பு சேர்க்கப்படுவதில்லை, அதற்கு ஆர்9 என்று தனி எண் இருக்கிறது. அதைக் கேட்டபோது ஒருவர் சொன்னார், மற்றவர் பேச்சை மாற்றினார்.

நிறத்தின் வெப்பமும் அப்போதே பார்க்க வேண்டியது. எங்கள் பொதுவெளிச்சம் ஹாலஜன், 3200 கெல்வினை ஒட்டியது. புதிய விளக்குகள் 6000. திருத்தம் செய்யாமல் அடித்தால் நடிகர் நிலவிலிருந்து இறங்கி வந்தவர்போல் நீலம் பாரித்து நிற்கிறார். முழுத் திருத்தத்துக்கான, லீ நிறுவனத்தின் 204 எண் வண்ணத்தாளைப் போட்டால் நிறம் சேர்கிறது, ஆனால் ஒளியில் பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சுகிறது. அத்தனை கணக்குப் போட்டுச் சேர்த்த கேண்டெலாவை ஒரு தாளில் இழப்பதா? கால் திருத்தமான 206ஐப் போட்டபோது ஒளி ஏறத்தாழ 4300 கெல்வினுக்கு இறங்கியது, இழப்பு ஐந்தில் ஒரு பங்கு. ஸ்பாட் பொதுவெளிச்சத்தைவிடக் கொஞ்சம் குளிர்ந்து இருப்பது குறையல்ல, அதனாலேயே நடிகர் கூட்டத்திலிருந்து பிரிந்து தெரிகிறார் என்பது என் கட்சி. முழுமையாகப் பொருந்த வேண்டும் என்பவர்களும் உண்டு. வாங்குகிற இரண்டு விளக்குகளும் தங்களுக்குள் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது; ஒரே நடிகரை இரண்டு நிறத்தில் அடிப்பதைப் பார்வையாளர் உடனே கண்டுகொள்வார்.

அடுத்து மறைதல். மெட்டல் ஹாலைடில் மின்சாரத்தைக் குறைத்து ஒளியை இருட்டு வரை குறைக்க முடியாது. தகடுகள்தான் மூடும், அந்த மூடல் கடைசி வரை வழுக்கிக்கொண்டு போகும். எல்இடியில் மின்னணு முறை. பத்து வினாடியில் இருட்டுக்குப் போகச் சொன்னால், ஒரு விளக்கு கடைசி ஐந்து விழுக்காட்டில் படிப்படியாக இறங்கிவிட்டுப் பொட்டென்று அணைந்தது. சோகக் காட்சியின் முடிவில் அந்தப் பொட்டு எல்லாவற்றையும் கெடுத்துவிடும். கைபேசியின் மெதுவேகப் பதிவில் ஒளி துடிக்கிறதா என்றும் பார்த்தோம், நிகழ்ச்சிகளைப் படமெடுப்பவர்களுக்காக. அரங்கத்தின் குளிரூட்டியை நிறுத்திவிட்டு, விளக்கை அரை மணி நேரம் முழுதாக எரியவிட்டு, பால்கனியின் கடைசி வரிசையில் அமர்ந்து விசிறியின் சத்தத்தையும் கேட்டோம். எரியத் தொடங்கிய முதல் ஐந்து நிமிடத்தில் எல்லா விளக்கும் சாதுவாகத்தான் இருக்கும்.

இத்தனைக்கும் பிறகு, எண்களில் சற்று முன்னால் நின்ற விளக்கையே எடுத்துவிடலாம் என்று நான் ஏறக்குறைய முடிவு செய்திருந்தேன். எட்டு ஆண்டுகளாக எங்கள் ஸ்பாட்டை இயக்கும் பெண் அதுவரை பேசாமல் இருந்தார். அவரை அழைத்து, ஒருவரை மேடை விளிம்பு நெடுக மிக மெதுவாக நடக்கச் சொன்னோம்.

“அண்ணா, வெளிச்சமெல்லாம் சரிதான். கிளம்பும்போது ஒரு துள்ளு துள்ளுது பாருங்க,” என்றார்.

பார்த்தேன். நடிகர் அடியெடுத்து வைக்கும் கணத்தில் விளக்கு அரை நொடி ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டு, பிறகு தாவி அவரைப் பிடித்தது. 27 மீட்டர் தொலைவில், விளக்கின் உடல் ஒரு பாகை திரும்பினால் மேடையில் வட்டம் அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நகரும். மூட்டில் இருக்கும் அந்த ஒட்டல் கால் பாகை என்றாலும், தோள்வரை மட்டும் பிடிக்கும் சிறிய வட்டத்தில் நடிகரின் ஒரு தோள் இருட்டில் போய்விடுகிறது. பூட்டுகளைத் தளர்த்திக் கையை எடுத்தபோது முன்பக்கம் மெல்லத் தலை கவிழ்ந்தது. அதாவது நாடகம் முழுவதும் இயக்குபவர் அதன் எடையைத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதோடு வந்த ஸ்டாண்டின் கால்கள் பால்கனியின் பலகைத் தரையில் நடுங்கின. இன்னொரு விளக்கோ, எண்களில் கொஞ்சம் குறைவு, ஆனால் விட்ட இடத்தில் நின்றது, விரலால் தள்ளினால் போயிற்று. ஐரிஸும் ஒளி மட்டமும் ஒரே கைக்கு எட்டின. மற்றக் கை நகர்த்துவதற்கு முழுதாகக் கிடைத்தது.

ஃபாலோ ஸ்பாட்டின் வரலாறே கையின் வரலாறுதான். 1837இல் லண்டனின் கோவென்ட் கார்டன் அரங்கில் சுண்ணாம்புக் கட்டியை வாயுச் சுடரில் காய்ச்சி ஒளியெடுத்த நாள்களிலிருந்தே, அந்த விளக்குக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்று கட்டியைத் திருப்பிக்கொண்டும் வாயுவைச் சரிசெய்துகொண்டும் இருக்க வேண்டியிருந்தது. மற்ற விளக்குகளெல்லாம் கணிப்பொறிக்குப் போய்விட்ட பின்னும், எங்களைப் போன்ற அரங்கங்களில் இது மட்டும் இன்னும் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யும் வேலையாக இருக்கிறது.

ஆகவே துள்ளாத விளக்கையே வாங்கினோம். பெரியதாக ஒன்று வாங்கிப் பழையதை இணையாக வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையும் வந்தது. நிறம் சேராத இணை வேண்டாம் என்று அதே விளக்கில் இரண்டு எடுத்தோம். அந்த இரண்டுக்கும் இடையில் வட்டத்தின் நிறம் வேறுபடாதபடி ஒரே தயாரிப்புத் தொகுதியிலிருந்து தரும்படி எழுதிக் கேட்டோம். விளக்கோடு வந்த ஸ்டாண்டை மறுத்து, அந்தப் பணத்தோடு சிறிது சேர்த்து, கனமான அடித்தளம் உள்ள ஸ்டாண்டுகளாக மாற்றிக்கொண்டோம். உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிவதால் குள்ளமானவரும் உயரமானவரும் முதுகு வலிக்காமல் நிற்க முடிகிறது. உதிரியாக ஓர் ஐரிஸும், கால் திருத்தத் தாள்களும் வாங்கினோம். எரியும் பழைய விளக்கு, மீதமிருக்கும் குமிழின் ஆயுள் வரைக்கும், மாற்றாக மூலையில் நிற்கிறது.

குறிபார்ப்பதற்கு மட்டும் எதுவும் வாங்கவில்லை. வானியல் ஆர்வலர்கள் தொலைநோக்கியில் பொருத்தும் டெல்ராட் என்னும் குறிகாட்டி, இருட்டில் சிவப்பு வளையங்களைக் காட்டுவது, ஃபாலோ ஸ்பாட் இயக்குபவர்களிடையே நெடுங்காலமாகப் புழங்கிவருகிறது. அதை எழுதிவைத்துவிட்டு அடுத்த ஆண்டுக்குத் தள்ளினேன். எங்கள் ஸ்பாட்டை இயக்கும் பெண்ணிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது: ஒரு கறுப்பு பைண்டர் கிளிப், அதன் காதுக்குள் நிமிர்த்திச் சொருகிய ஒரு குண்டூசி. நாடகம் தொடங்குமுன் மிகச் சிறிய வட்டத்தை மேடையின் நடுக்குறியில் வைத்து, ஊசியின் முனை அந்தக் குறியை மறைக்கும்வரை கிளிப்பை நகர்த்தி ஒட்டிக்கொள்வார். அதன்பின் விளக்கைத் திறக்காமலேயே இருட்டில் நடிகரின் முகத்தை எடுத்துவிடுவார். பழைய விளக்கின் உடல் கொதிக்கும் என்பதால் இரட்டைப்பக்க டேப் இடைவேளைக்குள் இளகி, கிளிப் நழுவி, இரண்டாம் பாதியில் அவர் அனுமானத்தில் அடிக்க வேண்டியிருக்கும். புதியதில் அந்தச் சூடு இல்லை. மூன்று நாடகங்கள் ஆகிவிட்டன, முதல் நாள் ஒட்டிய டேப்பே இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது.